நாத்தனார் முடிச்சு

சங்கரகோமதி முதலில் சிரித்தாள். புன்சிரிப்பெல்லாம் இல்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த காவலாளி பதறிப்போய் எட்டிப் பார்க்கிற அளவுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். பிழைப்பில் மண் விழப்போகிறது என்று தெரிந்த ஒருத்தி இப்படிச் சிரிக்கலாமா என்று கேட்டால் பதில் இல்லை. ஆனால் திரையில் தெரிந்தது அப்படி ஒரு அழகு. முடிச்சு இருக்கவேண்டிய இடத்தில் முடிச்சு இல்லை. இரண்டு வளையங்கள் இருந்தன. பின்னால் வந்த வளையம் உடம்பைக் குறுக்கிக்கொண்டு முன்னால் போன வளையத்துக்குள் நுழைந்து வெளியே வந்தது. வந்ததும் விரிந்தது. பின்தங்கிப்போன மற்றது இப்போது தன்னைக் குறுக்கிக்கொண்டு அதற்குள் நுழைந்தது. இப்படியே மாறி மாறி, சுற்றிச் சுற்றி, களைப்பே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன.

“எப்பா, என்ன போக்கு போகுதிய!” என்று அவள் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

அதற்கப்புறம்தான் அது யாருடைய முடிச்சு என்பதும், விடிந்தால் தன் தம்பிக்குக் கல்யாணம் என்பதும் அவளுக்கு உறைத்தன. சிரிப்பு பாதியில் நின்றது.

திருநெல்வேலிக்கு வெளியே, தாழையூத்தைத் தாண்டி இருக்கிறது ‘அவிழா’ நிறுவனம். கல்யாணத்தில் போடுகிற மூன்று முடிச்சையும் உலகத்திலேயே மிகக் குளிர்ந்த இடத்தில் இன்னொரு தடவை போட்டுப் பாதுகாத்துத் தருவது அவர்கள் தொழில். லித்தியம் என்ற உலோகத்தை ஆவியாக்கி, லேசர் ஒளியால் அதன் சூட்டை உறிஞ்சி, இதற்குமேல் குளிரவே முடியாது என்கிற எல்லைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். அந்த வாயு, ஒளியாலேயே கட்டிய ஒரு கூண்டுக்குள் மிதக்கும். கூண்டின் வடிவம் அசல் மெதுவடை. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதற்குப் பெரிய பெயர் உண்டு. ஆய்வகத்தில் எல்லோரும் வடை என்றுதான் சொன்னார்கள். தம்பதிக்கு ஒரு வடை.

முகூர்த்த நேரத்தில் தாலி கட்டுகிறவர்களின் விரல்களில் மெல்லிய உணரிகள் ஒட்டியிருக்கும். அங்கே விரல் எப்படிப் போகிறதோ, இங்கே லேசர் அப்படியே போகும். வாயுவுக்குள் ஒரு சுழல் பிறக்கும். தண்ணீர்த்தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினால் சுழித்துக்கொண்டு இறங்குமே, அந்த மாதிரிச் சுழல்தான், ஆனால் நூலைவிட மெல்லிசு. அந்தச் சுழல் நூலே முடிச்சாக விழும். அதன்பிறகு கைப்பேசியைத் திறந்தால் போதும், தங்கள் முடிச்சு ஒளிர்வதைத் தம்பதிகள் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்.

ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போனது. மாமியார்கள் காலையில் காப்பிக்கு முன்னால் மகனின் முடிச்சைப் பார்த்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்று யாராவது பஞ்சாயத்துக்குப் போனால், பெரியவர்கள் முதலில் போனைக் கொடு என்றார்கள். முடிச்சு நிற்கிறதே, அப்புறம் என்ன பேச்சு, வீட்டுக்குப் போங்கள் என்று அனுப்பி வைத்தார்கள். அம்பாசமுத்திரத்திலிருந்து பேச்சியம்மாள் என்று ஒரு பெண் அடிக்கடி நிறுவனத்துக்கு போன் செய்வாள். “அம்மா, இன்னும் அவுழலையாம்மா?” என்று எப்போதும் ஒரே கேள்விதான். கோமதி எடுத்தால், “பயப்படாதீங்க, நான் இருக்கேன்லா. அது அவுழவே அவுழாது” என்று உற்சாகமாகத் தைரியம் சொல்லுவாள். எதிர்ப்பக்கம் கொஞ்சநேரம் சத்தமே வராது. பிறகு போன் வைக்கப்படும்.

இந்த வடைக்கடையைக் கட்டி எழுப்பிய விஞ்ஞானி கோமதிதான். சுழல்களைப் படித்து முனைவர் பட்டம் வாங்கியவள். நாற்பதை நெருங்கிவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ள முதலில் நேரம் கிடைக்கவில்லை, நேரம் கிடைத்தபோது தோன்றவில்லை. தம்பி தளவாய் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், பூசினாற்போல உடம்பு, அக்கா சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவனுக்குப் பார்த்திருந்த பெண் செண்பகா, பாளையங்கோட்டையில் பல் டாக்டர்.

நிச்சயதார்த்தத்தன்று செண்பகா அவளைத் தனியாக மடக்கிக் கேட்டிருந்தாள். “மதினி, அந்த வடைக்குள்ள என்னதான் நடக்குது?”

“அந்த அணுவெல்லாம் தனியா இருந்தா ஒண்ணுக்கொண்ணு ஆகாது. ஒருத்தர் உக்காந்த இடத்துல இன்னொருத்தர் உக்காரமாட்டாவ. நல்லாக் குளிர வச்சா ரெண்டு ரெண்டா ஜோடி சேந்துரும். சேந்துட்டா உரசலே கிடையாது. ஓட ஆரம்பிச்சா ஓடிக்கிட்டேதான் இருக்கும். மீப்பாய்மம்னு அதுக்குப் பேரு.”

“எங்க வீட்ல ஜோடி சேந்த பிறகுதான் மதினி உரசலே ஆரம்பிச்சுது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். “ஜோடி கெடைக்காத அணு என்ன செய்யும்?” என்றாள் செண்பகா.

“அது சுழலுக்கு நட்டநடுவுல போய் உக்காந்துக்கிடும். வேற எடம் கிடையாதுல்லா. நீ போன்ல பாக்கிற வெளிச்சமே அந்த ஒத்தை அணுவோட வெளிச்சம்தான்.”

“அப்போ ஜோடியெல்லாம் இருட்டு, ஒத்தைதான் வெளிச்சமா?”

அதற்கும் சிரித்தார்கள். பிறகு செண்பகா கேட்டாள். “அவுழவே அவுழாதா, மதினி?”

“அவுழாது. கயித்துக்கு முனை இருக்கு, உருவி எடுத்துரலாம். சுழலுக்கு முனையே கிடையாது. தன் வாலைத் தானே கவ்விக்கிட்டு நிக்கும். எதைப் பிடிச்சு உருவுவ? நான் வாக்கு குடுக்கேன்.”

செண்பகா அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை நெகிழ்ந்துபோய்விட்டாள் என்று கோமதிக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த வாக்குதான் இப்போது திரையில் இரண்டு வளையமாக ஓடிக்கொண்டிருந்தது. தம்பி கல்யாணத்துக்கு முன்னால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, இருப்பதிலேயே பழைய முடிச்சைத் திறந்திருந்தாள். வழக்கமான கைப்பேசிப் படம் வழியாக இல்லாமல், வடைக்குள் இருக்கும் காமிராவை நேராகத் திறந்தாள். இருப்பதிலேயே பழையது நிறுவனத்தின் முதலாளி மணவாளனுடையது.

மணவாளன் எப்போதும் பட்டுவேட்டியில்தான் இருப்பார். தினமும் தனக்குக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு எழுந்திருக்கிறாரோ என்று கோமதிக்குச் சந்தேகம் உண்டு. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நின்றாள்.

“சார், உங்க முடிச்சு அவுந்து கெடக்கு.”

அவர் நிமிரவில்லை. “கதவைச் சாத்துங்க டாக்டர்.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டு வருஷமாத் தெரியும்.”

“போன்ல நல்லாத்தான தெரியுது?”

“அது படம். முடிச்சு நல்லா இருந்தப்ப எடுத்தது. திரும்பத் திரும்ப ஓடுது.” மணவாளன் குரலைத் தாழ்த்தினார். “என் சம்சாரத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் வீட்டுக்குப் போக முடியாது.”

கோமதி மேசைக்குப் பக்கத்தில் வந்தாள். “மத்தவங்களுது?”

“சிலது அவிழ்ந்திருக்கு. அவிழ அவிழ படம் போட்டுடுறோம். பாக்கிறவங்களுக்குச் சந்தோஷம். யாருக்கு என்ன கஷ்டம் சொல்லுங்க?” அவர் ஒரு துண்டுச்சீட்டில் எதையோ கிறுக்கி நீட்டினார். “இது என்னோட கடவுச்சொல். உங்க தம்பி முடிச்சு விழுந்ததும் ஒரு நல்ல படமா எடுத்து வச்சுக்கங்க. பின்னால உதவும்.”

அவளுக்கு வந்த கோபத்துக்கு அந்தச் சீட்டை அவர் வாயிலேயே திணித்திருக்க வேண்டும். மரியாதை கருதித் தன் கைப்பையில் திணித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆனாலும் அவள் விஞ்ஞானி. ஏன் அவிழ்ந்தது என்று தெரியாமல் அவளால் சோறு தின்ன முடியாது. ஆய்வகத்தில் போட்ட சோதனை முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. கல்யாணத்தில் போட்டது மட்டும் ஏன் அவிழ வேண்டும்? குடிநீர்க் கேனை நாற்காலியில் ஏற்றி மணப்பெண்ணாக உட்கார வைத்து, அதன் கழுத்தில் ஒரு நூலைச் சுற்றினாள். முதலில் மாப்பிள்ளையாக முன்னால் நின்று, கையைச் சுற்றிக் கொண்டுபோய் ஒரு முடிச்சு போட்டாள். பிறகு நாத்தனாராக மாறிக் கேனுக்குப் பின்னால் போய் நின்றாள்.

அங்கேயே நின்றுவிட்டாள்.

இயந்திரத்துக்குச் சுழல் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று தெரிவது கையை வைத்துத்தான். இடது கையிலிருந்து வலது கைக்கு ஓட வேண்டும் என்று அவளே சொல்லிக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை பெண்ணுக்கு எதிரே இருந்து கட்டுகிறான். அவனுடைய இடது கை பெண்ணின் வலது பக்கம். இரண்டாம் முடிச்சும் மூன்றாம் முடிச்சும் நாத்தனார் போடுவது. அவள் நிற்பது பெண்ணுக்குப் பின்னால். அவளுடைய இடது கை பெண்ணின் இடது பக்கம். மாப்பிள்ளை ஓட்டம் ஒரு திசை என்றால் நாத்தனார் ஓட்டம் அதற்கு நேர் எதிர்த்திசை. எதிரெதிராக ஓடும் சுழல்கள் மெல்ல மெல்ல நெருங்கும். தொட்ட இடத்தில் இரண்டும் அறுந்து மாற்றி ஒட்டிக்கொள்ளும். முனை இல்லாத கயிறு என்பது வாஸ்தவம். ஆனால் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளத் தெரிந்த கயிறு.

சோதனையில் மூன்று முடிச்சையும் போட்டது ஒரே ஆள், ஒரே இடத்தில் நின்று. அந்த ஆளும் கோமதிதான். பின்னால் ஒருத்தி வந்து நிற்பாள் என்பதை, ஊரறிய நாத்தனாராகப் போகிறவள், கணக்கில் சேர்க்கவில்லை. அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தொலைபேசியில் சொன்னபோது மணவாளனுக்கு ஏக சந்தோஷம். “அவ்வளவுதானே? நாத்தனாரை எடுத்துடுவோம். இனிமே மாப்பிள்ளையே மூணையும் போடட்டும்.”

“நாத்தனார் ஓட்டத்தை மட்டும் திருப்பி விடலாம் சார். அதுக்கு ஒளியைத் திருகுற கண்ணாடித் தகடு புதுசாச் செய்யணும். ஒரு மாசமாவது ஆகும்.”

“உங்க தம்பிக்கு நாளைக்குக் கல்யாணம்.”

அவர் சொன்னது சரிதான். கோமதி ஒரு வடையில் மூன்றையும் ஒரே பக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தாள். சோதனை முடிச்சுகள்போலவே கம்பீரமாக நின்றது. அசையவில்லை, நெளியவில்லை. தான் மட்டும் கையை எடுத்துக்கொண்டால் தம்பியின் முடிச்சு அவிழாது, செண்பகாவுக்குக் கொடுத்த வாக்கும் பொய்யாகாது. உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளை மணமேடை ஏறுமா என்பது சந்தேகம். அப்படி ஒன்று நடந்தால் தளவாய் இடிந்துபோய்விடுவான். ஊர் உலகமே ஒரு பக்கம் இருக்கட்டும், அவன் முகத்தை அவளால் பார்க்க முடியாது.

காலையில் கல்யாண மண்டபத்துக்கு வலது மணிக்கட்டில் பெரிய கட்டோடு போய் இறங்கினாள். வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டாள். “தம்பிக்கே ஆயாச்சு. உனக்கு எப்பட்டி?” என்று கேட்டுவிட்டுத்தான் கையைப் பார்த்தாள். கோமதி முனகிக்கொண்டே தப்பித்து மணப்பெண் அறைக்குள் புகுந்தாள். பசி வேறு. யாரோ இட்லித் தட்டைக் கொடுத்தார்கள்.

செண்பகா தலை நிறையப் பூவும் கழுத்து நிறைய நகையுமாக உட்கார்ந்திருந்தாள். “கையில என்ன மதினி?”

“சுளுக்கு. பாத்ரூம்ல வழுக்கிட்டு. என்னால முடிச்சு போட முடியாதும்மா. தளவாயே மூணையும் போட்டுருவான்.”

“ரொம்ப வலிக்கோ?”

“உயிர் போகுது.”

செண்பகா அவள் தட்டைப் பார்த்தாள். “உயிர் போற கையாலதான் இட்லியப் பிச்சு சாம்பார்ல முக்குதீங்க.”

கோமதி குனிந்து பார்த்தாள். கை சாம்பாரில்தான் இருந்தது.

“என்கிட்ட வர்ற எல்லாரும் தெனமும் ரெண்டு நேரம் பல்லு வெளக்குதேன்னுதான் சொல்லுவாவ,” என்றாள் செண்பகா. “பொய்யக் கேட்டா எனக்குத் தெரியும் மதினி. என்ன நடந்துச்சு?” அலங்காரம் செய்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

கோமதியால் பொய்யைக் கட்டிக் காக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினாள். படம் ஓடுவதை, எதிரெதிர் ஓட்டத்தை, தண்ணீர்க் கேனைக்கூட விடவில்லை. “நான் குடுத்த வாக்கு தப்பாப் போச்சு செம்பா. ஆனா நான் தள்ளி நின்னுட்டா உன் முடிச்சு அவுழாது. பாத்துட்டுத்தான் வந்திருக்கேன்.” கைப்பேசியில் இரண்டையும் திறந்து காட்டினாள். ஒரு பக்கம் அசையாத முடிச்சு. மறுபக்கம் மணவாளனின் இரண்டு வளையங்கள்.

செண்பகா அசையாத முடிச்சை முதலில் பார்த்தாள். “இது இப்படியேதான் இருக்குமா?”

“இப்படியேதான்.”

“எங்க அம்மாவும் அப்பாவும் மாதிரி.”

கோமதிக்குப் புரியவில்லை. செண்பகா கதவைக் கொஞ்சம் திறந்து மண்டபத்தைக் காட்டினாள். முன்வரிசையின் ஒரு கோடியில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். மறு கோடியில் அம்மா. “நான் பள்ளிக்கூடம் போன காலத்துல இருந்து ரெண்டு பேரும் பேசுனதில்ல. அப்பாவுக்குச் சாம்பார் வேணுமான்னு அம்மா என்கிட்ட கேப்பா. வேணும்னு அப்பா என்கிட்டதான் சொல்லுவாவ. ஒரே மேசைதான் மதினி. பிரியவும் மாட்டாவ. பிரிஞ்சிருந்தா ஒருவேளை பேசியிருப்பாவ.” அவள் கதவை மறுபடி சாத்தினாள். “அன்னைக்கு நான் உங்ககிட்ட அவுழவே அவுழாதான்னு கேட்டது ஆசையில இல்ல. பயத்துல. நீங்க பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டே அவுழாதுன்னுட்டீங்க. அன்னையில இருந்து எனக்கு ஒழுங்கா உறக்கமே இல்ல.”

கோமதி இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். அந்த நிமிடத்தில் அவள் காதில் விழுந்தது இன்னொரு குரல். அம்மா, இன்னும் அவுழலையாம்மா? அம்பாசமுத்திரத்துப் பேச்சியம்மாள். எத்தனை தடவை கேட்டிருப்பாள். பயப்படாதீங்க, நான் இருக்கேன்லா என்று எத்தனை தடவை கோமதி அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டிருப்பாள்! வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

செண்பகா அதற்குள் அடுத்த படத்துக்குப் போயிருந்தாள். வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஓடிக்கொண்டிருந்தன. “இதுல யாரு யாரை விட்டுட்டுப் போறா?”

“யாரும் போகல. பின்னால இருக்கது சுருங்கி முன்னால போறதுக்குள்ள பூந்து வருது. அப்புறம் அது பின்னால, இது முன்னால.”

“எதாவது கட்டிப் போட்டிருக்கா?”

“ஒண்ணும் கிடையாது. ஒண்ணு ஓடுற ஓட்டம் இன்னொண்ணைத் தள்ளுது. அவ்வளவுதான்.”

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷமா.”

செண்பகா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மூக்கால், பிறகு தோள் குலுங்க, பிறகு நெற்றிச்சுட்டி காதுக்குப் போகிற அளவுக்கு. கோமதிக்கும் தொற்றிக்கொண்டது. நேற்று பாதியில் நின்றுபோன சிரிப்பு மிச்சம் இருந்தது, அதையும் சேர்த்துச் சிரித்தாள். கதவைத் தட்டி, முகூர்த்தம் நெருங்குது, பொண்ணைக் கூட்டிட்டு வாங்க என்று யாரோ கத்தினார்கள்.

“கட்டை அவுத்துப் போடுங்க,” என்றாள் செண்பகா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ரெண்டு முடிச்சும் நீங்கதான் போடணும். நீங்க போடலைன்னா நான் மேடைக்கே வரல.”

“தளவாய்கிட்ட சொல்லாண்டாமா?”

“அவர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

மேடையில் புகை கண்ணைக் கரித்தது. பின்னால் போய் நின்ற கோமதிக்கு அவர்கள் பேசியது நன்றாகவே கேட்டது.

“இந்த முடிச்சு அவுந்துருமாம். தெரியுமா உங்களுக்கு?”

தளவாய் திகைத்துப்போனான். “அவுந்தா என்ன ஆகும்?”

“கட்டே இல்லாம சேந்து ஓடணுமாம்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். கணக்கு வாத்தியார் அல்லவா, எதையும் யோசித்துத்தான் சொல்லுவான். “ஓடுவோம். எனக்கு மூச்சு வாங்கும். நீ கொஞ்சம் மெதுவா ஓடு.”

கெட்டிமேளம் முழங்கியது. அவன் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தான். “அக்கா, கை சுளுக்குன்னாவளே?”

“சரியாப் போச்சுல. முன்னாடி பாரு,” என்று சொல்லிவிட்டுக் கோமதி இரண்டாம் முடிச்சைப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள். வாழ்க்கையில் எந்தச் சோதனையையும் அவள் இவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை. தன் கை போட்ட முடிச்சு ஒருநாள் அவிழும் என்று முழுசாகத் தெரிந்து, அவிழட்டும் என்றே இறுக்கிப் போட்டாள்.

பிறகு மேடையின் ஓரத்துக்கு வந்து, கைப்பையிலிருந்த சீட்டை எடுத்து மணவாளனின் கடவுச்சொல்லைப் போட்டாள். ஓடிக்கொண்டிருந்த படங்கள் எல்லாவற்றையும் நிறுத்தினாள். ஒவ்வொருவருடைய வடையையும் உள்ளது உள்ளபடி அவரவர் கைப்பேசிக்குத் திறந்துவிட்டாள். கூடவே, நாங்கள் சொன்னது தப்பு, இதுதான் நிஜம், எல்லா முடிச்சும் ஒருநாள் அவிழும் என்று தன் பெயரைப் போட்டு ஒரு செய்தி அனுப்பினாள்.

மண்டபத்திலேயே முதலில் வெடித்தது. “ஏட்டி, நம்மது அவுந்து கெடக்குட்டி!” என்று ஒருவர் மனைவியைத் தேடி ஓடினார். ஒரு மாமியாருக்கு விசிறி தேவைப்பட்டது. ஒரு புதுத் தம்பதி தங்கள் வளையங்களில் யார் எது என்று சண்டை போட்டுக்கொண்டு காப்பியைச் சிந்தினார்கள். தூணோரம் நின்ற ஒரு கணவனும் மனைவியும் மட்டும் போனைப் பார்த்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முன்வரிசையின் ஒரு கோடியிலிருந்து செண்பகாவின் அப்பா எழுந்தார். மறு கோடிக்கு நடந்துபோய், “என்னட்டி நடக்குது இங்க?” என்று தன் மனைவியிடமே நேராகக் கேட்டார். அந்த அம்மாள் அதிர்ச்சியில் பதிலும் சொல்லிவிட்டாள்.

மணவாளன் பட்டுவேட்டி தடுக்க ஓடி வந்தார். பின்னாலேயே அவர் மனைவி வைதேகி நிதானமாக வந்தாள். அவளும் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்டவள்தான்.

“டாக்டர், என் குடும்பத்தைக் கெடுத்துட்டீங்களே!” என்றார் அவர்.

“சும்மா இருங்க,” என்றாள் வைதேகி. “ரெண்டு வருஷமா நம்ம முடிச்சு ஒரே மாதிரி ஆடுது. ஒரே இடத்துல ஒரே நெளிப்பு. எனக்குக் கண்ணு இல்லையா? படம்னு தெரியும்.”

மணவாளனின் வாய் திறந்தபடியே நின்றது. “தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“நீங்க தினம் காலையில என் மூஞ்சியப் பாத்துப் பயந்துக்கிட்டே காப்பி போட்டுக் குடுத்தீங்க. இவ்வளவு பயப்படுற மனுஷன் எங்கேயும் போகமாட்டார்னு விட்டுட்டேன்.” கைப்பேசியில் ஓடுகிற வளையங்களை அவள் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “இது நல்லாருக்கே. இதை ஏன் ஒளிச்சு வச்சீங்க?”

பாவம், அவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இந்தக் களேபரத்துக்கு நடுவிலும் அத்தை விடவில்லை. கோமதியைத் தேடி வந்து, “கேக்கேன்லா, உனக்கு எப்பட்டி?” என்றாள். கோமதி கைப்பேசியைத் தூக்கி அவள் மூக்குக்கு நேரே காட்டினாள். தம்பியின் புது முடிச்சு, இன்னும் அவிழாமல், பளபளவென்று ஒளிர்ந்தது. “இந்த வெளிச்சம் யார் தெரியுமா அத்தை? பூராவும் ஜோடி சேராததுக.” அத்தைக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அழகாக இருக்கிறது என்று ஒத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாள்.

கோமதி சத்தம் இல்லாத ஒரு மூலைக்குப் போனாள். பேச்சியம்மாளின் முடிச்சு எப்போது அவிழ்ந்தது என்று பதிவில் தேடிப் பார்த்தாள். அம்பாசமுத்திரத்து எண்ணை அழுத்தினாள்.

“பேச்சியம்மா, நான் அவிழாவுல இருந்து கோமதி பேசுதேன். நீங்க போனைப் பாத்தீங்களா?”

“போனு அவுககிட்ட இருந்துச்சும்மா. இப்பதான் கீழ வச்சாவ. என்னம்மா?”

“உங்க முடிச்சு அவுந்துட்டும்மா. இன்னைக்கு இல்ல, போன பொங்கலுக்கே அவுந்துட்டு. நாங்கதான் சொல்லாம படத்தைக் காட்டிக்கிட்டு இருந்தோம். நீங்க கேக்கும்போதெல்லாம் அவுழாதுன்னு சொன்னது நான்தான். என்னை மன்னிச்சுக்கிடுங்க.”

எதிர்ப்பக்கம் வழக்கம்போலச் சத்தமே இல்லை. குக்கர் விசில் அடித்தது. கோமதி, வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தாள்.

“பொங்கலுக்கேவா?” என்றாள் பேச்சியம்மாள்.

“ஆமாம்மா.”

“பாவி மக்கா! அப்போ பொங்கலுக்கே நான் போயிருக்கலாம்லா!” சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். அழுகிறாளோ என்று கோமதி பயந்துபோய்க் காதை அழுத்திக் கேட்டாள். இல்லை, சிரிப்புதான். “பை கட்டித்தான் வச்சிருக்கேன்மா. எப்பவோ கட்டியாச்சு. எங்க போறதுன்னுதான் தெரியல. மொத பஸ்ஸு திருநெல்வேலிக்குத்தான் இருக்கு.”

“அதுல ஏறுங்க. ஏறி நேரா இங்கன வாங்க. எங்க தம்பி கல்யாணம்,” என்று கோமதி மண்டபத்தின் பெயரையும் இறங்கவேண்டிய இடத்தையும் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்தி நடக்கிற இடத்துக்குப் போனாள். மணிக்கட்டிலிருந்து அவிழ்த்துப் போட்ட கட்டு எங்கே போனதென்றே தெரியவில்லை. இலை போட்டுக்கொண்டிருந்தவரை நிறுத்தினாள்.

“அண்ணாச்சி, கடைசிப் பந்தியில ஒரு இலை கூடப் போட்டு வையுங்க. எங்க வீட்டு ஆளு ஒருத்தி வந்துக்கிட்டிருக்கா.”